நீ ஆதரவு கொடுத்த குவாரி

அண்ணா,

நேற்று மத்தியானம் நல்ல மழை. ஜான்சன் மார்க்கெட்டில் தேங்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு எக்ஸ்டென்ஷன் வழியாக வந்துகொண்டிருந்தேன். அங்கே பங்களாக்களுக்கு நடுவில் புது ரோடு போட்டு, மேலே ஜல்லி மிஷின் தூசியைக் கொட்டிப் பரப்பியிருக்கிறார்கள். மழை பட்டதும் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. உன் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டு முதல் சொம்புத் தண்ணீர் ஊற்றும்போது வருமே, அதே வாசனை. கால் அப்படியே நின்றுவிட்டது. அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வந்தது கோபம்தான். கையிலிருந்த தேங்காயை அந்த ரோட்டில் ஓங்கி அடிக்கலாம்போல இருந்தது. மறுநாள் சட்னிக்கு வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

செத்துப்போனவனோடு சண்டைக்கு நிற்கிறவளைப் பைத்தியம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நீ இருந்த காலத்தில் நாம் சண்டை போடாத நாள் எது? இப்போது நீ பதில் பேசாமல் இருக்கிறாய் என்பதற்காக நான் விட்டுவிட முடியாது. போன வாரம் பாறையடியில் குவாரிக்காக மறுபடியும் சர்க்கார் விசாரணை நடந்தது. அங்கே எல்லோருக்கும் முன்னால் உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து லைன் வீடுகளில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதை உனக்கு நானே எழுதிவிடுகிறேன். மிஷன் ஸ்கூலில் எட்டாவது வரைக்கும் என்னைப் படிக்க வைத்தவன் நீதான். எழுதத் தெரிந்ததன் பலனை நீயே அனுபவி.

சுதந்திரம் வந்த வருஷத்தில்தான் நான் தாலியை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு நீலசந்திராவில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை நீ சமாதானம் செய்யவில்லை. வேலை கொடுத்தாய். “அழுதது போதும். குவாரி வாயில ஒரு இட்லிக் கடை போடு. கல்லு ஒடைக்கிறவனுக்கு வயிறும் கல்லுன்னு நெனச்சியா?” என்றாய். தகரக் கூரையை நீயே போட்டாய், அடுப்புக்குக் கல்லை நீயே செதுக்கிக் கொடுத்தாய். அந்த அடுப்பில் ஒரு கால் குட்டை. மேஸ்திரியின் லட்சணம் இதுதானா என்று நான் கேட்டதும், இட்லி ஆடினால்தான் சீக்கிரம் வேகும் என்று சொன்னவன் நீ.

அந்தப் பாறையில் வேலை நடந்த விதத்தை இப்போது புதிதாக வந்தவர்களிடம் சொன்னால் கதை என்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாறையில் ஒரு பங்கு இருந்தது. சுண்ணாம்புக் கோடுதான் எல்லை. அந்தக் கோட்டுக்குள் விறகைப் பரப்பி நெருப்பு மூட்டி, பாறை சூடேறிப் பலகையாக எழும்பும் வரை காத்திருந்து, பிறகு உளி வைப்பீர்கள். சூட்டுக்கு மசியாத இடத்தில் மட்டும் வேட்டு. எழுந்த கல்லுக்குத் தகுந்த கூலி. அப்பன் போனால் பங்கு பிள்ளைக்கு. பிள்ளை இல்லாவிட்டால் பெண்டாட்டிக்கு. அவள் வேறொருவனை உடைக்கச் சொல்லிப் பாதியை வாங்கிக்கொள்வாள். காலில் கல் விழுந்து படுத்தவன் வீட்டிலும் அடுப்பு எரிந்தது அந்தப் பங்கால்தான். குவாரியை ஏலத்தில் எடுக்கிற கான்ட்ராக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பங்கு மட்டும் மாறியதில்லை.

இதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. காகிதத்துக்குப் பதிலாக நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிற கான்ட்ராக்டர் முதல் நாள் பாறைக்கு வரவேண்டும். கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்ததும் மேஸ்திரி தன் சம்மட்டியை அவர் கையில் கொடுப்பார். அவர் பாறையில் ஒரே ஒரு அடி அடித்துவிட்டு அதை மேஸ்திரி கையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும். பாறை என்னுடையது, ஆனால் உடைக்கிற உரிமை உங்களுடையது, உங்கள் பங்கில் கை வைக்கமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். அப்பா காலத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர்கூடத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படி அடித்துக் கொடுத்தானாம். திருப்பிக் கொடுத்த பிறகு பேச்சை மீறியவன் ஒருவனும் இல்லை என்று நீ பெருமையாகச் சொல்வாய்.

அப்புறம் குவாரியை ஏலத்தில் எடுத்து வந்தான் கோட்டுக்காரன். நீ அவனை முதலாளி என்றாய். நான் கடைசிவரை கோட்டுக்காரன் என்றுதான் சொன்னேன். சட்டசபைக்காக விதான சௌதா எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஊரைச் சுற்றி ஃபாக்டரிகள், குவார்ட்டர்ஸ்கள், ரோடுகள். எங்கே பார்த்தாலும் கல் கல் என்று கேட்டார்கள். நம் பாறை மட்டும் போதாது, பக்கத்திலிருக்கிற சர்க்கார் மேட்டையும் குவாரியோடு சேர்த்துக் கொடுங்கள் என்று அவன் மனுப் போட்டான். அதே நேரத்தில் எக்ஸ்டென்ஷன் பங்களாக்காரர்கள், வேட்டுச் சத்தத்தில் கண்ணாடி உடைகிறது, குழந்தை தூங்கவில்லை, குவாரியையே மூடுங்கள் என்று எதிர் மனுப் போட்டார்கள். இரண்டு மனுவையும் ஜனங்கள் முன்னால் விசாரிக்க சர்க்கார் ஒரு நாள் குறித்தது. அந்தப் பங்களாக்களின் அஸ்திவாரத்திலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் நம் பாறையிலிருந்து போன கல். வீடு கட்டுகிறபோது கேட்காத சத்தம், குடி வந்த பிறகு கேட்டதாம்.

கோட்டுக்காரன் உன்னைத் தேடி வந்தான். என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்தான். இட்லி சாப்பிட்டான், நன்றாயிருக்கிறது என்றான். “மேஸ்திரி, லோக்கல் ஜனங்க சப்போர்ட் இருந்தாத்தான் சர்க்கார் குடுப்பாங்க. மேடு கெடச்சிதுன்னா உங்க பசங்க எல்லாருக்கும் வேலை. ஒருத்தன்கூட வெளிய போய் வேலை தேட வேண்டியதில்ல.” அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். லைனில் மீசை முளைத்த பையன்கள் எல்லாம் வேலையில்லாமல் மர்பி டவுன் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்ன ஒரு வார்த்தையில் அவர்கள் அத்தனை பேருக்கும் நீ மனசுக்குள் கல்யாணமே செய்து வைத்துவிட்டாய்.

அவன் சம்மட்டி வாங்கிய நாள் எனக்கு மறக்காது. கோட்டைக் கழற்றித் தன் மேனேஜர் கையில் கொடுத்தான். சட்டைக் கையை மடித்தான். ஒரு அடி அடித்தான். உன் கையில் இரண்டு கையாலும் பணிந்து திருப்பிக் கொடுத்தான். போட்டோக்காரன் ஒருவன் படம் எடுத்தான். உனக்குக் கண் கலங்கியது. அண்ணி குலவை போட்டாள். நான் மட்டும் வந்து உன் காதில் சொன்னேன்.

“ண்ணா, பங்கு பங்காவே இருக்கும்னு ஒரு வரி எழுதி வாங்கிக்க.”

“சம்மட்டிய வாங்கி அடிச்சிட்டு என் கையிலேயே குடுத்துட்டாரே. அதுக்கு மேல இன்னா எழுத்து?”

“கேட்டா இன்னா தப்பு?”

“கேட்டா அவர நம்பலைன்னு ஆயிடும். வேலை குடுக்கறேன்னு வந்தவன அவமானப்படுத்தச் சொல்றியா?”

விசாரணைக்குப் புறப்படுகிறபோது இன்னொன்றும் சொன்னாய். “கோவத்தக் கடையிலேயே வெச்சிட்டு வா. வேலை கேக்கப் போற எடத்துல மொறைச்சிக்கினு நிக்கக் கூடாது.” தப்பட்டை அடித்துக்கொண்டு லைனே திரண்டு போயிற்று. வெள்ளை வேட்டி கட்டி, மீசையை எண்ணெய் தடவி முறுக்கி, நீ முன்னால் போனாய். பங்களாக்காரர்கள் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாம் வெயிலில் நின்றோம். ஆபீசர் கேட்டார், உங்களுக்கு ஏதாவது நிபந்தனை உண்டா என்று. நீ கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொன்னாய். “ஒரு கண்டிஷனும் இல்ல சார். முழு மனசோட சப்போர்ட் பண்றோம்.” கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. நானும் தட்டினேன், அண்ணா. உன் பெருமையைப் பார்த்து எப்படித் தட்டாமல் இருப்பது?

மேடு கிடைத்தது. மிஷின் வந்தது. லாரியில் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். மேலே கல்லைப் போட்டால் கீழே ஜல்லியாக விழுகிறது. பாறையில் துளை போடுவதற்கும் காற்று மிஷின். அவற்றை ஓட்டத் தெரிந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம். நம் பையன்களில் சிலருக்கு மட்டும் தினக்கூலி. பெண்களுக்கு மிஷினுக்கு அடியில் கூடை சுமக்கிற வேலை. ஒருநாள் காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜரின் ஆட்கள் சுண்ணாம்புக் கோடுகள் இருந்த இடத்தில் வேட்டுக்குக் குறி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ செருப்புக்கூடப் போடாமல் ஓடினாய்.

கோட்டுக்காரன் ஆபீஸில் என்ன நடந்தது என்பதை நீ என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. சம்மட்டியை வாங்கி அடித்துத் திருப்பிக் கொடுத்தீர்களே என்று நீ கேட்டதும் அவனுக்கு முதலில் புரியவே இல்லையாம். புரிந்ததும் சிரித்தானாம். “அது பூஜைப்பா மேஸ்திரி. பூஜைக்குக் கூப்ட்டீங்க, வந்தேன். அக்ரிமென்ட் வேற, பூஜை வேற.” அவன் உன்னை ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. ஏமாற்றவேண்டும் என்று அவன் நினைக்கக்கூட இல்லை. நம்முடைய சத்தியத்தை அவன் ஒரு தேங்காய் உடைப்பு என்று எண்ணி, வந்து நின்று, நல்லபடியாக நடத்திக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நீயோ அவன் செய்யாத சத்தியத்தைச் செய்துவிட்டான் என்று நம்பி, லைன் முழுவதையும் கூட்டிக்கொண்டு போய் ஆதரவைக் கொடுத்துவிட்டாய்.

அதற்குப் பிறகாவது நீ சண்டை போட்டிருக்கவேண்டும். வேலையை நிறுத்தியிருக்கவேண்டும். நீ ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கூடை எழுந்திருக்காது. நான் சொன்னேனா இல்லையா? கரண்டியோடு உன் முன்னால் நின்று கத்தினேனே! நீ செய்தது என்ன? மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு, கூலிக்காரனாக மிஷின் வாயில் போய் நின்றாய். அங்கேதான் தூசி அதிகம். “இவங்கள இங்க இட்டாந்து விட்டவன் நான். தூசி எங்க ஜாஸ்தியோ அங்க நான்தான் நிக்கணும்” என்றாய். லைனில் எல்லோரும் உன்னை மகாத்மா ஆக்கினார்கள். எனக்கு அப்போதும் அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொள்வது சுலபம். கோட்டுக்காரனைப் போய்க் கேட்பதுதான் கஷ்டம். நீ சுலபமானதைச் செய்துவிட்டு, அதற்குக் கும்பிடும் வாங்கிக்கொண்டாய். உனக்குப் பக்கத்திலேயே அண்ணி கூடை சுமந்தாள் என்பதை மறந்துவிட்டாய்.

இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு கடைக்கு வந்தால் டம்ளரைக் கீழே வைக்கவேண்டிய அளவுக்கு. பிறகு பாறையடியிலிருந்து வீட்டுக்கு நடக்க வழியில் உட்கார வேண்டியதாயிற்று. கோட்டுக்காரன் அனுப்பிய டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, பீடி பழக்கம் என்றார். பீடியாம்! பீடிப் புகை பட்டாலே தும்மித் தீர்க்கிறவன் நீ. உன்னைக் கேலி செய்வதற்காகவே லைன் பையன் ஏழுமலை உன் பக்கத்தில் வந்து பற்றவைப்பான். நான் அந்த டாக்டரிடம் சண்டைக்குப் போனபோது நீ படுத்தபடியே கையை ஆட்டி, “வுடு, வுடு” என்றாய். கடைசியாக நீ என்னிடம் தெளிவாகப் பேசியது அதுதான். கடைசி வார்த்தையாவது நல்லதாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

நீ போன பிறகு உனக்குக் கிடைத்த மரியாதையைக் கேள். கோட்டுக்காரன் ரோஜா மாலை அனுப்பினான். அது போகட்டும். இப்போது அவன் மேட்டுக்குப் பின்னாலிருக்கிற சரிவையும் கேட்கிறான். இன்னொரு மிஷின் போடப்போகிறானாம். மறுபடியும் விசாரணை என்று தெரிந்ததும் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு அம்மாளும் அவர் வீட்டுக்காரரும் என் கடைக்கு வந்தார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

“உங்க அண்ணன இந்தக் குவாரிதான் கொன்னுது. நீங்க வந்து அத சொல்லணும். குவாரிய மூடிட்டா அவருக்கு நியாயம் கெடைச்ச மாதிரி” என்றார் அந்த அம்மாள்.

“மூடிட்டா இவங்கல்லாம் எங்க போவாங்க?”

“வேற எவ்வளவோ வேலை இருக்கே.”

“இன்னா வேலை இருக்குது, சொல்லுங்க. உங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறதா?”

“அதுவும் வேலைதானே?” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நினைத்துத்தான் சொன்னார். அண்ணா, நீ உயிரோடிருந்தபோது உன் வேட்டுச் சத்தத்தில் அவர்களுக்குத் தூக்கம் கெட்டது. நீ செத்தபோது உன் பிணம் அவர்களுக்கு உதவியாகிவிட்டது. டீக்குக் காசு வேண்டாம், எழுந்து போங்கள் என்றேன்.

அடுத்து வந்தவன் மேனேஜர். அவன் பேச்சில் தேன் ஒழுகியது. “மேஸ்திரி மாதிரி ஒரு மனுஷன் இனிமே பொறக்கணும். அவரு ஆரம்பிச்சி வெச்ச காரியம் இது. நீங்க ரெண்டு வார்த்த சொன்னா போதும். அண்ணியம்மாவுக்கும் ஆபீஸ் பெருக்கற வேலை போட்டுக் குடுக்கறோம், கூடை தூக்க வேணாம்.” அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் மிஷினடியில் அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஆமாம். அவளுக்கும் வந்துவிட்டது. காலையில் மட்டும்தான் இப்போதைக்கு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாளில் டம்ளரைக் கீழே வைக்கவேண்டி வரும் என்பதும் தெரியும்.

அதனால் நான் லைனில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். குவாரி வேண்டும், ஆனால் இந்தத் தடவை சும்மா ஆதரவு கிடையாது. மிஷினுக்கு மேலே தண்ணீர்க் குழாய் போட்டுத் தூசியை அடக்கவேண்டும். பழைய பங்குக் குடும்பங்களுக்குப் புதுச் சரிவில் நிரந்தர வேலை, சர்க்கார் முத்திரை வைத்த காகிதத்தில். இரண்டும் எழுதிக் கொடுத்தால் தப்பட்டை அடித்துக்கொண்டே போவோம் என்றேன். ஏழுமலை எழுந்துவிட்டான். அவனும் உன் பங்கில் வேலை கற்றவன்தான்.

“க்கா, பங்களாக்காரன் எப்படா மூடலாம்னு பாத்துக்கினு இருக்கான். இப்பப் போய் நாம கண்டிஷன் போட்டா அவன் ஜெயிச்சிடுவான். மேஸ்திரி அன்னிக்கி சொன்னாரே, முழு மனசோடன்னு. அப்டியே சொல்லிட்டு வந்துடலாம்.”

“மேஸ்திரி எங்க இருக்காரு இப்ப?”

“அவரப் பத்திப் பேசாதக்கா. அவரு தெய்வம்.”

உன் பெயர் வந்ததும் அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், அவ்வளவுதான். நீ போனதிலிருந்து அவள் அப்படித்தான். உன் சட்டையை மடித்து வைத்த மாதிரியே வைத்திருக்கிறாள். உன்னைக் குறை சொல்லி ஒரு பேச்சு அவள் காதில் விழ லைனில் யாரும் விட்டதில்லை. நானும் அவளுக்கு முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

விசாரணை அன்று அதே இடம், அதே குடை. ஆபீசர் மட்டும் புதியவர், வயது குறைந்தவர். பங்களாக்காரர்கள் முதலில் பேசினார்கள். உன் பெயரைச் சொன்னார்கள். பாவப்பட்ட தொழிலாளி என்றார்கள். பிறகு மேனேஜர் எங்கள் பக்கம் கையைக் காட்டினான். நான் முன்னால் போனேன். கோபத்தை எங்கேயும் வைத்துவிட்டுப் போகவில்லை. கன்னடத்திலேயே ஆரம்பித்தேன். குவாரி வேண்டும், மூடினால் நாங்கள் சாப்பாட்டுக்கு எங்கே போவோம் என்று கேட்டேன். பிறகு தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சொன்னேன், முத்திரைக் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். ஆபீசர் பாதியிலேயே தலையாட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த கிளார்க்கிடம், “ஜனகள பெம்பல இதெ, பர்கோ” என்றார். ஜனங்களுடைய ஆதரவு இருக்கிறது, எழுதிக்கொள் என்று அர்த்தம். நான் சொன்ன மீதியெல்லாம் காற்றோடு போயிற்று.

“அத மட்டும் எழுதினா போதாது சார். நான் சொன்ன கண்டிஷனையும் எழுதுங்க” என்றேன்.

மேனேஜர் எழுந்தான். குரலை உயர்த்தவே இல்லை. “சார், இது இவங்க சொந்தக் கருத்து. இவங்க அண்ணன் மேஸ்திரி, ஜனங்க எல்லாருக்கும் தலைவர், போன விசாரணையில இதே எடத்துல நின்னு, ஒரு கண்டிஷனும் இல்லாம சப்போர்ட் பண்றோம்னு சொன்னாரு. ஃபைல்ல இருக்கு. இங்க இருக்கிற எல்லாரும் கைதட்டினாங்க. தங்கச்சி இன்னிக்கி அவர் பேச்ச மாத்தலாமா?”

ஆபீசர் என்னைப் பார்த்தார். பின்னால் லைன் முழுக்க நின்றது. மேஸ்திரி சொன்னது சரிதான் என்று ஏழுமலை முணுமுணுப்பது காதில் விழுந்தது. அண்ணா, அந்தக் கணத்தில் உன்னைப் போல எதிரி எனக்கு யாரும் இல்லை. கோட்டுக்காரனிடம் பணம் இருந்தது, பங்களாக்காரனிடம் இங்கிலீஷ் இருந்தது. அவற்றை எதிர்த்து என்னால் பேச முடிந்தது. உன் நல்ல பேரை எதிர்த்து எதைப் பேசுவது? நீ மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, அண்ணியின் நெஞ்சுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் குறுக்கே நின்றாய்.

“எங்க அண்ணன் சொன்னது தப்பு” என்றேன்.

மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. “தப்பு சார். நல்ல மனுஷன், நம்பிக் கெட்டான். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையில அவனும் செத்தான், எங்க பங்கும் போச்சி. அந்த வார்த்தைய வெச்சி இனிமே யாரும் எங்க வாய அடைக்கக் கூடாது. ஃபைல்ல அதுக்குக் கீழ இதையும் எழுதுங்க.”

பின்னாலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. “மேஸ்திரியையே பேசறியா நீ?” என்று யாரோ கத்தினார்கள். ஒரு பிடி ஜல்லித்தூள் என் முதுகில் வந்து விழுந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ வருகிற சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் நின்றவள் அண்ணி. அவளும் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஆபீசரைப் பார்த்துப் பேச வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும் வரை எல்லோரையும் காக்க வைத்தாள். பிறகு சொன்னாள்.

“நான் அவரு சம்சாரம். இவ சொன்னத எழுதிக்குங்க.”

கிளார்க் எழுதினார். தண்ணீர்க் குழாய் வருமா, முத்திரைக் காகிதம் வருமா என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் போகிறபோது, கடை இருக்கிற இடம் குவாரி இடம் என்பது நினைவிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளும் அங்கேதான் அடுப்பு மூட்டினேன். பாதிப் பேர் சாப்பிட வரவில்லை. வந்தவர்களில் ஏழுமலை ஒருவன். சாப்பிட்டுவிட்டு, மிஷினுக்கு எவ்வளவு உயரத்தில் குழாய் போட்டால் சரியாக இருக்கும் என்று கேட்டான்.

அண்ணி அன்று வீட்டுக்கு வந்ததும் உன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைத் தடவிக்கொண்டே, “அவரு தப்பு பண்ணாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். சொல்ல வாய் வரல” என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு உன்மேல் இன்னும் அதிகக் கோபம் வந்தது. பெண்டாட்டிக்கே வாய் வராத அளவுக்கு ஒரு மனுஷன் நல்லவனாக இருக்கலாமா?

நான் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஊர் நடுவில் உன்னைத் தப்பு என்று சொன்னவள் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை, கேட்கவும் மாட்டேன். நாளைக்கு அந்த ஆபீசரின் ஆபீஸுக்கு அண்ணியையும் அழைத்துக்கொண்டு போகப்போகிறேன். எழுதியது ஃபைலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் மறுபடியும் சொல்வேன், உன் பெயரைச் சொல்லி, நீ செய்தது தப்பு என்று. அவள் இருமல் நிற்கிற வரைக்கும் போகிற இடத்திலெல்லாம் சொல்வேன். உன்னை எவ்வளவு பிடிக்கும் என்பதை அப்புறம் ஒருநாள் அழுதுகொள்கிறேன்.

உன் தங்கை